டிக்கிக்குள் இருந்தவர்கள் ஏன் கதைக்கவில்லை

1

என் கணவர் அன்ரன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஆண்டுப் பூசைக்குச் சொல்லியாயிற்று. பூசை முடிந்தபின் கோயில் மண்டபத்தில் மதியச் சாப்பாட்டுக்கும் சொல்லியாயிற்று. ஊரில், மன்னார்ப் பேசாலையில் இருக்கும் தங்கச்சி தொலைபேசியில் "அக்கா, எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டால், "இருக்கிறன்" என்கிறேன். அதற்கு மேல் வாயில் ஒன்றும் வருவதில்லை. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

அவர் போன நாளிலிருந்து நான் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. காலை மடித்து நெடுநேரம் இருந்தால் விறைத்துப்போகும், கிள்ளினாலும் தெரியாது. அப்படித்தான் இருக்கிறது. காலையில் எழும்புகிறேன், லண்டன் சட்டனில் நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போகிறேன், பிள்ளைகளின் தட்டில் அவித்த பட்டாணியை அள்ளிப் போடுகிறேன், வீட்டுக்கு வருகிறேன். கோயிலில் பெண்கள் என் கையைப் பிடித்து, "அழுதிட வேணும் ஸ்ரெலா, உள்ளுக்க வச்சிருக்கக் கூடாது" என்கிறார்கள். உள்ளே ஏதும் இருந்தால்தானே வெளியே விடலாம்.

டொக்டர் சொல்லி ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை மாதமொருமுறை போன் எடுப்பாள். துக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவது அவளுடைய வேலை. ஒருநாள் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று, "ஐ ஆம் கோல்ட் இன்சைட்" என்றேன். அவள் பதறிப்போய், வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லையா என்று கேட்டாள். கவுன்சிலில் இதற்கென்று ஒரு பெனிபிட் காசு இருக்கிறதாம், இலக்கம் அனுப்புகிறேன் என்றாள். நான் நன்றி சொன்னேன். ஹீட்டர் பார்க்க ஆளும் வந்துவிட்டுப் போனான். எல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னான்.

2

எங்களுக்கு ஒரே மகள், மெலனி. படித்து முடித்து ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. இரண்டு சிநேகிதிகளோடு தனியாக இருக்கிறாள். தமிழ் விளங்கும், கதைக்கும்போது பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். கோயிலுக்கு வருவதை நிறுத்திப் பல வருடம்.

அவளுக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உண்டு. எழுபதுகளில் அமெரிக்காவில் மிகக் குறைந்த செலவில் எடுத்துத் தள்ளிய படங்களைத் தேடிப் பார்ப்பாள். கொலை, கடத்தல், அரைகுறை உடுப்போடு ஓடும் பெண்கள், சிவப்புச் சாயம் போன்ற இரத்தம். அந்தக் காலத்தில் திறந்த வெளியில் பெரிய திரை கட்டி, ஆட்கள் காருக்குள் இருந்தபடியே பார்ப்பதற்காக எடுத்தவையாம். பார்த்துவிட்டு இணையத்தில் கருத்து எழுதுவாள். அவளைப்போல் எழுதுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

அன்ரனுக்கு இது பிடிபடவே இல்லை. "நல்ல படம் பாத்துக் கருத்துச் சொன்னாலும் பரவாயில்லை. உதவாத படமெண்டு தெரிஞ்சுகொண்டு பாக்கிறதுக்கு ஒரு ஆள், அதைப் பற்றி எழுதிறதுக்கு ஒரு ஆள், அதை வாசிக்கிறதுக்கு இன்னொரு ஆளோ?" என்று கேட்பார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெலனி வந்து என் கோட்டை எடுத்து நீட்டினாள்.

"அம்மா, வாங்கோ. குரோய்டனில ஒரு கார் பார்க் மேல்தட்டில பழைய படம் போடினம். காருக்குள்ள இருந்தே பாக்கலாம்."

"நான் என்னத்துக்குப் பிள்ளை?"

"ஜஸ்ட் கம், அம்மா. வீட்டுக்குள்ளயே இருந்து சுவரைப் பாக்கிறியள். இது அதைவிட பெட்டர்."

மறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும். போனேன்.

3

பகல் வெளிச்சத்திலும் தெரிகிற திரை ஒன்றை வைத்திருந்தார்கள். கார்கள் வரிசையாக நின்றன. படத்தின் சத்தம் காரின் ரேடியோவில் வந்தது. கீழே ட்ராம் போகும் சத்தமும் சேர்ந்து வந்தது. மெலனி பெரிய கடதாசி வாளி நிறையப் பொப்கோர்ன் வாங்கி என் மடியில் வைத்தாள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. பாலைவனத்து ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக்கடை. அங்கே பரிமாறும் ஒரு பெண். காசு கொள்ளையடித்து வருகிற இரண்டு தடியன்கள். அவர்கள் அந்தப் பெண்ணையும், கோப்பி குடிக்க வந்த முன்பின் தெரியாத ஓர் ஆணையும் தங்கள் காரின் டிக்கிக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு எல்லையை நோக்கி ஓடுகிறார்கள். படத்தில் பாதி, கார் ஓடுவது. மீதியில் பெரும்பகுதி, டிக்கிக்குள் அந்த இருவரும் கிடப்பது. ஒலிவாங்கியின் நிழல் இரண்டு மூன்று தடவை தெரிந்தது. தடியன்களில் ஒருவனின் பொய்முடி காற்றில் கிளம்பியது. அப்போதெல்லாம் பக்கத்துக் கார்கள் ஹோர்ன் அடித்துச் சிரித்தன. மெலனியும் அடித்தாள்.

டிக்கிக்குள் கமரா போனதும் எல்லோரும் இன்னும் கூடச் சிரித்தார்கள். இருவரும் முகத்துக்கு முகம் கிடக்கிறார்கள். கண்ணை விழிக்கிறார்கள், மூடுகிறார்கள். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. முன்னால் நின்ற வான் வண்டியிலிருந்து ஒருவன் தலையை வெளியே நீட்டி, "ஏதாவது சொல்லித் தொலையுங்கோவன்!" என்று ஆங்கிலத்தில் கத்தினான். கார் பார்க் முழுக்க ஹோர்ன் அடித்தது.

நான் பொப்கோர்ன் தின்றுகொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. என் கை வாளிக்குப் போவதும் வாய்க்கு வருவதும் வேறு யாரோ செய்வதுபோல் இருந்தது.

4

படம் முடிந்து கார்கள் ஒவ்வொன்றாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெலனி போனை எடுத்து, இந்தப் படத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருந்த கருத்துகளை எனக்கு வாசித்துக் காட்டினாள். அதுதான் படத்தைவிட ருசியாம்.

"இந்தப் படத்தில் ஒழுங்காக நடித்தது கார் மட்டும்தான்" என்று ஒருவர். "காரின் இலக்கத்தகடு மாறிக்கொண்டே இருக்கிறது, கொள்ளையர்களைவிட இயக்குநரைத்தான் பொலிஸ் பிடிக்க வேண்டும்" என்று இன்னொருவர். ஒரு வயதான அமெரிக்கர், இதை முதன்முதலில் மழையில் பார்த்ததாகவும், கண்ணாடித் துடைப்பானைப் போட்டால் பற்றரி இறங்கிவிடும் என்பதால் பாதிப் படத்தைத் தண்ணீருக்கூடாகப் பார்த்ததாகவும், பக்கத்தில் இருந்தவளைப் பின்னர் கலியாணம் கட்டியதாகவும், அதனால் தன்னால் இதைக் குறைசொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். ஒரு பெண் கோபமாக எழுதியிருந்தாள்: பெண்ணைப் பூட்டி வைப்பதைக் காட்டிக் காசு பார்க்கிறவர்களுக்கு ஒரு நட்சத்திரமும் கொடுக்கக்கூடாது.

கடைசியாக ஒன்று. மெலனி அதைச் சிரித்துக்கொண்டே வாசித்தாள். "முன்பின் தெரியாத ஒரு ஆணும் பெண்ணும் ஒரு டிக்கிக்குள் அவ்வளவு நேரம் கிடக்கிறார்கள். ஒருவர் பெயரை ஒருவர் கேட்கவில்லை. மனிதர்கள் இப்படி இருக்கமாட்டார்கள். நம்பும்படியாக இல்லை."

"உண்மைதானே அம்மா? அட்லீஸ்ட் பேராவது கேப்பினம்."

"கேக்க மாட்டினம்" என்றேன்.

"ஏன்?"

"கேக்க ஏலாது. சத்தம் வெளியில கேக்கும். பிறகு, கேக்க வேணுமெண்டு நினைவும் வராது."

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நானும் உன்ர கொப்பரும் அப்பிடித்தான் வந்தனாங்கள்."

5

மெலனிக்கு நாங்கள் சொல்லி வைத்திருந்த கதை வேறு. கொழும்பில் ஒரு கோயில் திருவிழாவில் சந்தித்தோம் என்பது அந்தக் கதை. அது அன்ரனின் ஏற்பாடு. "சாமான் மாதிரி வந்தனாங்கள் எண்டு பிள்ளை அறியத் தேவையில்லை" என்று, அவள் பிறக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். தொண்ணூறுகளின் நடுவில் நான் மன்னாரிலிருந்து கொழும்பு போய், அங்கிருந்து, காசுக்கு ஆட்களைக் களவாய் வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரர் காட்டிய வழியெல்லாம் சுற்றிப் பாரிஸ் வந்து சேர்ந்தேன். ஒரு நாள் விடியமுன் ஏஜென்சிக்காரன் என்னை ஒரு கராஜுக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு கார், டிக்கி திறந்தபடி. உள்ளே ஏற்கெனவே ஓர் ஆள் கிடந்தது. "தங்கச்சி, ஏறிக் கிடவுங்கோ. கப்பல் கரைக்குப் போகுமட்டும் இருமக்கூடாது, கதைக்கக்கூடாது. ஒராள் இருமினால் எல்லாரும் பிடிபடவேண்டியதுதான்" என்றான். ஏறிக் கிடந்தேன். மூடினான்.

இருட்டு. பெற்றோல் மணம். என் முதுகின் கீழே ஏதோ இரும்பு. அந்த ஆளின் மூச்சு என் நெற்றியில் பட்டது. ஆணென்பது மட்டும் தெரிந்தது. வயது தெரியாது, எந்த ஊரென்று தெரியாது. கார் ஓடியது, நின்றது, ஏதோ இரும்புத் தட்டின்மேல் ஏறியது. பிறகு தரையே ஆடத் தொடங்கியது. கப்பலுக்குள் வந்துவிட்டோம் என்று விளங்கிற்று.

அந்த ஆளுக்குத் தடிமன், சளி. இருமல் வந்துகொண்டே இருந்தது. தன் சேர்ட்டின் கையைக் கடித்து அடக்கினார். ஒருமுறை அடங்காமல் உடம்பு முழுக்கக் குலுங்கியது. நான் என் கையை எடுத்து அவர் வாயைப் பொத்தினேன். அவர் விலக்கவில்லை. அப்படியே பொத்திக்கொண்டு கிடந்தேன். பயமாக இருந்ததா என்று மெலனி கேட்டாள். இல்லை. பயம் டிக்கி மூடும்வரைதான் இருந்தது. அதன்பிறகு ஒன்றும் இல்லை. இப்போது இருப்பதுபோலத்தான் இருந்தது.

இங்கிலாந்துக் கரையில் இறங்கியதும் திறந்துவிட்டது ஒரு பொலிஸ்காரன். வெளிச்சத்தில் கண் கூசியது. இருவரையும் இறக்கி நிற்கவிட்டு அந்த ஆளிடம் பெயரைக் கேட்டான். "அன்ரன்" என்றார். அப்போதுதான் எனக்கும் தெரியும். அடுத்ததாக என்னைக் காட்டி ஏதோ கேட்டான். அவர் தலையாட்டி "யெஸ், யெஸ்" என்றார்.

அந்த யெஸ்ஸால் வந்தது வினை. "வைஃப்?" என்று கேட்டிருக்கிறான். பின்னாளில் அன்ரன் விளக்கம் சொன்னார்: "எனக்கு லைஃப் எண்டு கேட்டுது. ஆள் உயிரோட இருக்கிறாவோ எண்டு கேக்கிறான் எண்டு நினைச்சன். இருந்தனீர்தானே. ஓம் எண்டனான்."

அகதி விசாரணையில் நான் சொன்னேன், அவர் என் புருஷன் இல்லை, யாரென்றே தெரியாது என்று. பதிவில் மனைவி என்று இருந்தது. டிக்கியை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் இந்த நாட்டு ஆங்கிலத்தில் "பூட்" என்று சொன்னார். பள்ளிக்கூடத்தில் பூட் என்றால் சப்பாத்து என்று படித்தவள் நான். "பூட் இல்லை ஐயா, டிக்கி, டிக்கி" என்று மறுத்துக்கொண்டிருந்தேன். விசாரித்த உத்தியோகத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். கொஞ்ச நாளில் மறுப்பு வந்தது. ஓர் ஆணும் பெண்ணும் அவ்வளவு தூரம் ஒன்றாக வந்துவிட்டு ஒருவர் பெயரை ஒருவர் அறியாதிருப்பது நம்பத்தகுந்ததாக இல்லை என்று அதில் இருந்தது.

அப்பீல் வென்றது பிறகு. அந்த இழுபறியில் வழக்கறிஞரின் வாசலில் அடிக்கடி சந்தித்தோம். முதல் தடவை பக்கத்தில் வந்து இருந்தவர், நேரே பார்க்காமல் சொன்னார்: "அண்டைக்கு உங்கட கையில நல்ல வெங்காய மணம்." ஏஜென்சிக்காரன் தந்த பாண் ரொட்டிக்குள் வெங்காயம் இருந்தது. எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. அடுத்த வருடம் கலியாணம் கட்டினோம். பதிவில் இருந்த பிழையைச் சரியாக்கத்தான் கட்டினது என்று அவர் ஆட்களுக்குப் பகிடி விடுவார். என்ன பிழை என்று யாரும் கேட்டதில்லை.

6

மெலனி காரை எடுக்காமல் இருந்தாள். எங்களைச் சுற்றி ஒரு கார்கூட இல்லை. திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னைச் சிரிக்க விட்டிட்டு இருந்தியளே, அம்மா" என்றாள். அதில் கோபமும் இருந்தது.

"சிரிக்கிற படம்தானே."

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கதிரையில் இருத்தினாள். "நீங்களும் ஒரு கருத்துச் சொல்லுங்கோ. நான் இங்கிலிஷில போடுறன்."

நான் சொன்னேன். படம் கூடாது. பொய்முடி கூடாது. ஆனால் டிக்கிக்குள் கிடப்பவர்கள் கதைக்காதது சரி. நானும் ஓர் ஆளும் அப்படிக் கடல் தாண்டி வந்தோம், கதைக்கவில்லை. எடுத்தவருக்குத் தெரிந்து எடுத்தாரோ, வசனம் எழுத ஆளில்லாமல் எடுத்தாரோ தெரியாது. அந்த ஒரு இடத்துக்காக ஐந்தில் இரண்டு நட்சத்திரம்.

"ரெண்டுதானோ?"

"ரெண்டு காணும்."

இரண்டு நாளில் பதில்கள் வந்தன. ஒருவர், மனம் கனத்துவிட்டது என்று எழுதியிருந்தார். அந்த மழைக்கார அமெரிக்கர், "பிறகு எப்போதாவது கதைத்தீர்களா?" என்று கேட்டிருந்தார். "பிறகு அவர் வாய் மூடவேயில்லை எண்டு எழுது" என்றேன். மெலனி சிரித்துக்கொண்டே எழுதினாள். அதன் கீழே இன்னொருவர்: "கவனத்தை ஈர்ப்பதற்கான கட்டுக்கதை. நம்பும்படியாக இல்லை."

மெலனிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஆளுக்கு நீளமாக எழுதத் தொடங்கினாள். எனக்குக் கோபம் வரவில்லை. முன்பே வாசித்த வசனம்தானே.

"விடு பிள்ளை. அவருக்கு ஏன் நிரூபிக்கிறாய்?"

அவள் எழுதியதை அழித்தாள். பிறகு, "அப்ப நம்பிற ஆக்களுக்குச் சொல்லுவமே? அப்பான்ர பூசையில, சாப்பாட்டு நேரம். நான் சொல்லுறன்" என்றாள்.

"கொப்பர் வேண்டாமெண்டவர்."

"அப்பா நான் அறியத் தேவையில்லை எண்டுதானே சொன்னவர்? நான் அறிஞ்சிட்டன்."

அவருடைய சொல்லை அவர் இல்லாத நேரத்தில் மீறுவதா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன். அவர் வெட்கப்பட்டது, சாமானாக வந்தோம் என்பதற்கு. அந்த வெட்கத்தில் எனக்கும் பாதி. என்னுடைய பாதியை நான் விடலாம் என்று பட்டது. போன் எடுத்து, "சொல்லு" என்றேன்.

7

இதுவரை எழுதியது பூசைக்கு முன். பூசை நல்லபடி முடிந்தது. மண்டபத்தில் சோறு திறக்கும் முன் மெலனி எழும்பி நின்றாள். ஒரு வார்த்தை ஆங்கிலம் கலக்காமல் கதைப்பது என்று முடிவெடுத்து வந்திருக்கிறாள் போலும். தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்கினாள்:

"என்ர அம்மாவும் அப்பாவும் கலியாணத்துக்கு முன்னம் ஒரு கார் டிக்கிக்குள்ள பொலிஸிட்ட பிடிபட்டவை."

மண்டபம் உறைந்தது. ஒரு மாமி வாயில் கையை வைத்தார். ஒரு கண நேரம்தான். பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் வெடித்துச் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். மெலனிக்கு ஏனென்று விளங்கவில்லை. நின்று, சரியான சொல்லைத் தேடித் தேடி முழுவதையும் சொன்னாள். இருமல் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. வெங்காயத்துக்குத் திரும்பவும் சிரித்தார்கள்.

சாப்பாட்டின்போது எங்கள் மேசைக்கு ஆட்கள் வரத்தொடங்கினார்கள். வாயில் கை வைத்த மாமி, தான் வேறொருத்தியின் பாஸ்போட்டில் வந்ததாகவும், அந்தப் பெயரை யாராவது றோட்டில் கூப்பிட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பதாகவும் சொன்னார். இன்னொருவர் தோடம்பழ லொறியில் குளிருக்குள் வந்தவர். வீட்டில் தோடம்பழம் வாங்குவதில்லையாம். அவருடைய மகன் பக்கத்தில் நின்று, "டாட், யூ நெவர் டோல்ட் மீ" என்றான். "நீ கேக்கேல்லையே அப்பன்" என்றார் அவர்.

கடைசியாக வந்தவர் யாக்கோப்பு அண்ணை. பிரான்சில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு இங்கே வந்து குழாய் வேலை செய்கிறவர், அதிகம் கதைக்காதவர். தட்டை மேசையில் வைத்துவிட்டு மெலனிக்கு எதிரே இருந்தார்.

"பிள்ளை, நான் பிரான்சுக்குள்ள வந்தது லொறியில. பலகைக்குக் கீழ ஒரு பொந்து. என்னோட இன்னொரு ஆள். நாங்களும் கதைக்கேல்ல. நடுவழியில நிப்பாட்டி அந்தாளை மட்டும் இறக்கினவங்கள். ஏனெண்டு தெரியாது. லொறி வெளிக்கிட்டிட்டுது."

"பிறகு, அங்கிள்?"

"பிறகு ஒண்டுமில்லை. ஆள் இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. அவருக்கு ஒரு பூசை குடுக்க வேணும் எண்டு கனகாலமா நினைக்கிறன். பூசை வைக்கிற சுவாமி என்ன பேரெண்டு கேப்பார். என்ன பேரைச் சொல்லுறது?"

மெலனி மெதுவாகக் கேட்டாள்: "பாக்க எப்பிடி இருந்தவர்?"

"இருட்டு, பிள்ளை. நான் அவரைக் காணேல்ல."

அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அன்ரனின் பெயரை எனக்குச் சொல்வதற்கு ஒரு பொலிஸ்காரன் இருந்தான் என்று நினைத்துக்கொண்டேன். யாக்கோப்பு அண்ணைக்கு அதுவும் வாய்க்கவில்லை.

"எழும்புங்கோ அண்ணை" என்றேன். "சுவாமி இன்னும் போகேல்ல. கேட்டுப் பாப்பம்."

சுவாமி இளம் ஆள், ஊரிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. கேட்டுவிட்டு யோசித்தார். "பேர் வேண்டாம். அவரை எப்பிடிச் சொல்லுவியளோ அப்பிடியே வாசிக்கிறன்" என்றார்.

அடுத்த ஞாயிறு மெலனி தானாகவே வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூசையின் நடுவில் சுவாமி மரித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசியில் ஒருமுறை நிறுத்திவிட்டு வாசித்தார்:

"யாக்கோப்புவோடு லொறியில் வந்தவருக்காக."

அந்தக் கதை எங்கள் மேசையில் இருந்த சிலருக்குத்தான் தெரியும். ஆனாலும் கோயில் முழுக்க, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் குனிந்திருந்த தலையை நிமிர்த்தினார்கள். பக்கத்தில் இருந்த அவர்களுடைய பிள்ளைகள், என்னவென்று விளங்காமல் அவர்களுடைய முகத்தைப் பார்த்தார்கள்.